திரைப்படம் வீடியோ கேம் ஆகும்போது: வாசகர் கேள்வி – பதில்

திரைப்படங்களை அடிப்படையாகக் கொண்ட வீடியோ கேம்கள் ஏன் இத்தனை முறை ஏமாற்றம் தருகின்றன என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைச் சுற்றி வந்த கேள்விகள் என்பதால், இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் புனைவுப் படவரிசை ஒன்றை வைத்து வெளிவந்த கேமை ஆசையோடு வாங்கினேன். படத்தில் வரும் விண்கலம், சீருடை, துப்பாக்கி, அதன் ஓசை, பின்னணி இசை எல்லாம் அப்படியே இருந்தன. ஆனாலும் சிறிது நேரத்திலேயே சலித்துவிட்டது. படத்தில் இருந்த அனைத்தும் இருந்தும், படம் தந்த அனுபவம் மட்டும் ஏன் வரவில்லை?

பதில்: தங்கள் கேள்விக்குள்ளேயே விடையின் ஒரு பகுதி இருக்கிறது. தாங்கள் குறிப்பிட்டவை எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் உரியவை. திரைப்படம் அவற்றைக் கொண்டே நம்மை ஆட்கொண்டுவிடும். ஏனெனில் எதை, எப்போது, எவ்வளவு நேரம் காட்ட வேண்டும் என்பதை இயக்குநரும் படத்தொகுப்பாளரும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். வீடியோ கேமில் அந்த அதிகாரத்தின் பெரும்பகுதி விளையாடுபவரின் கைக்கு வந்துவிடுகிறது. அவர் நின்றால் காட்சியும் நிற்கும். அவர் திரும்பிப் பார்க்காவிட்டால், முதுகுக்குப் பின்னால் எத்தனை அற்புதமான காட்சியை அமைத்திருந்தாலும் அது வீண்தான். ஆகவே, ஒரு படத்தின் உணர்வைக் கேமில் கொண்டுவர வேண்டுமானால், அந்த உணர்வு விளையாடுபவர் செய்யும் செயலிலிருந்தே பிறக்க வேண்டும். ஏமாற்றம் தரும் திரைப்படக் கேம்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தவறுகின்றன. படத்தின் அடையாளங்கள் அனைத்தையும் கவனமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, விளையாடுபவர் செய்ய வேண்டிய வேலையை மட்டும் அப்போது சந்தையில் நன்றாக விற்றுக்கொண்டிருக்கும் வேறொரு கேமிலிருந்து எடுத்துக்கொள்கின்றன.

இதற்குப் பலரும் அறிந்த உதாரணம், 2013 பிப்ரவரியில் வெளிவந்த ‘ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்’. ஜேம்ஸ் கேமரூன் 1986இல் இயக்கிய ‘ஏலியன்ஸ்’ படத்தின் நிகழ்வுகளைத் தொடர்ந்து செல்லும் கதை அது. சேகா நிறுவனம் வெளியிட்டது, கியர்பாக்ஸ் நிறுவனத்தின் பெயரில் வந்தது, வேலையின் கணிசமான பகுதி டைம்கேட் உள்ளிட்ட வேறு ஸ்டூடியோக்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. சுலாக்கோ என்னும் விண்கலம், ஹேட்லிஸ் ஹோப் குடியிருப்பு, பல்ஸ் ரைபிள் என்னும் துப்பாக்கியின் தனித்த ஓசை, நெருங்கி வரும் அசைவை ஒலியெழுப்பிக் காட்டும் கருவி என, படத்தை நேசிப்பவர்கள் எதிர்பார்க்கும் அடையாளங்கள் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அந்தப் படம் எதனால் நம்மை நடுங்க வைத்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நவீன ஆயுதங்களும் மிதமிஞ்சிய தன்னம்பிக்கையும் கொண்ட ஒரு படைப்பிரிவு, கொடிய வேற்றுக்கிரக உயிரினங்களோடு நிகழும் முதல் மோதலிலேயே சிதறிப்போய், எஞ்சியவர்கள் உயிர் தப்பினால் போதும் என்று தவிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. கையில் இருக்கும் துப்பாக்கி தங்களைக் காப்பாற்றாது என்று அவர்கள் உணரும் கணம்தான் அந்தப் படத்தின் உயிர். கேமிலோ அந்த உயிரினங்கள் நேர்கோட்டில் நம்மை நோக்கி ஓடி வந்து, சில குண்டுகளிலேயே விழுந்துவிடுகின்றன. அசைவு காட்டும் கருவியை எடுத்துப் பார்க்க வேண்டிய தேவையே அநேகமாக எழுவதில்லை. இவை போதாதென்று, கதையின் பெரும்பகுதியில் நாம் எதிர்கொள்வது பெட்டிகளுக்குப் பின்னால் பதுங்கிச் சுடும் கூலிப்படை மனிதர்களை. சீருடையை மாற்றிவிட்டால் அந்தக் காலத்தில் வெளிவந்த எந்தத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டிலும் அந்தக் கட்டங்களை வைத்துவிடலாம்.

அதே சேகா, அதே படவரிசையிலிருந்து, அடுத்த ஆண்டே வெளியிட்ட மற்றொரு கேமை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் சொல்வது இன்னும் தெளிவாகும். 2014 அக்டோபரில் வந்த ‘ஏலியன்: ஐசொலேஷன்’ விளையாட்டை உருவாக்கியது கிரியேட்டிவ் அசெம்ப்ளி என்னும் பிரிட்டிஷ் நிறுவனம், அதுவரை அவர்கள் போர் வியூக விளையாட்டுகளுக்காகவே அறியப்பட்டிருந்தார்கள். அவர்கள் ரிட்லி ஸ்காட் 1979இல் எடுத்த முதல் படத்துக்குத் திரும்பிச் சென்றார்கள். அந்தப் படத்தில் ஒரே ஓர் உயிரினம். அதைக் கொல்ல யாரிடமும் வழியில்லை. அதையே கேமின் விதியாக ஆக்கினார்கள். கதாநாயகியாகிய அமாண்டா ரிப்ளியின் கையில் சில கருவிகளும் ஆயுதங்களும் இருந்தாலும், அவற்றால் அந்த உயிரினத்தைச் சற்று நேரம் விரட்ட முடியுமே தவிர வீழ்த்த முடியாது. எனவே விளையாடுபவர் செய்யக்கூடியது ஒளிவது, ஓசையெழாமல் நகர்வது, காத்திருப்பது, காதைக் கூர்மையாக வைத்துக்கொள்வது ஆகியவைதான். விளையாட்டைச் சேமிக்க வேண்டுமானால்கூட, ஆங்காங்கே சுவரில் பொருத்தப்பட்டிருக்கும் கருவி வரை நடந்து சென்று, அது செயல்படும் வரை சில நொடிகள் திறந்த வெளியில் நின்றாக வேண்டும்.

அந்த உயிரினம் குறித்த பாதையில் உலவும் பொம்மையாக அமைக்கப்படவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். விளையாடுபவர் எங்கே இருக்கிறார் என்பதை எப்போதும் அறிந்திருக்கும் ஒரு மேலாண்மை அமைப்பு, உயிரினத்துக்கு அவ்வப்போது தோராயமான குறிப்பை மட்டும் கொடுக்கிறது. மற்றபடி அது தன் கண்ணையும் காதையும் கொண்டே தேடியாக வேண்டும். எதிர்பார்த்த இடத்தில் அது வருவதில்லை, வராது என்று நம்பிய இடத்திலிருந்து இறங்குகிறது. படத்தின் தயாரிப்பு ஆவணங்களை உரிமையாளர்களிடமிருந்து பெற்று, 1979இல் கற்பனை செய்திருக்கக்கூடிய தொழில்நுட்பம் மட்டுமே தங்கள் விண்வெளி நிலையத்தில் இருக்கலாம் என்று வரையறுத்துக்கொண்டார்கள். திரைகளில் தெரியும் காட்சிகளைப் பழைய வீடியோ நாடாவில் பதிவு செய்து, அதில் இயல்பாக எழும் சிதைவுகளையே பயன்படுத்தினார்கள். இந்த உழைப்பு எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது. ஆயினும் அந்தக் கேமைப் பிடித்து நிறுத்தியது தோற்றத்தின் துல்லியம் மட்டுமில்லை. படத்தில் நடிகர்கள் அடைந்த அச்சத்தை நாம் செய்யும் ஒவ்வொரு அசைவிலும் நமக்கே உரியதாக ஆக்கியதுதான். அதிலும் குறைகள் உண்டு. தேவைக்கு மேல் நீள்கிறது என்பது நியாயமான விமர்சனம்.

கேள்வி: ‘கலோனியல் மரீன்ஸ்’ கெட்டுப்போனதற்கு நிரலில் இருந்த ஓர் எழுத்துப் பிழைதான் காரணம் என்று சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: பிழை இருந்தது உண்மை. கேமின் அமைப்புக் கோப்பு ஒன்றில், உயிரினங்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு வரியில், ஓர் ஆங்கிலச் சொல்லுக்குள் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்துவிட்டது. அந்தப் பெயரில் நிரல் எதுவும் இல்லாததால், அந்த வரி வேலை செய்யாமலே போயிற்று. விளையாட்டுகளைத் திருத்தியமைக்கும் ஆர்வலர் ஒருவர் 2017இல் இதைக் கண்டுபிடித்தார். 2018இல் செய்தி உலகெங்கும் பரவியது. அந்த எழுத்தை நீக்கிய பிறகு, உயிரினங்கள் நேராக ஓடி வருவதைக் குறைத்துக்கொண்டு, பக்கவாட்டில் சுற்றி வரவும் இடம் பார்த்துத் தாக்கவும் செய்கின்றன என்று பலர் சோதித்துச் சொன்னார்கள்.

ஆனால் அந்த ஒற்றை எழுத்தின் மேல் முழுப் பழியையும் போடுவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. அந்தத் திருத்தத்தால் கதை மாறாது. கூலிப்படையோடு நடக்கும் நீண்ட சண்டைகள் குறையாது. மங்கலான காட்சிகள் தெளிவடையாது. பிழை இருந்தது என்பதைவிட, உயிரினங்கள் அப்படி நடந்துகொள்வதைப் பார்த்த பிறகும் அதுவே வெளியீட்டுக்குச் சென்றது என்பதுதான் கவலைக்குரியது. பல நிறுவனங்கள் கைமாற்றிக் கைமாற்றிச் செய்த ஒரு வேலையில், இந்த உயிரினம் ஏன் இப்படி ஓடுகிறது என்று நின்று கேட்பதற்கு ஒருவருக்கும் நேரமோ பொறுப்போ இல்லாமற்போனது. இந்த நிலை பல திரைப்படக் கேம்களுக்குப் பொதுவானது.

கேள்வி: முன்னோட்டக் காணொளியில் காட்டியது ஒன்று, கேமில் கிடைப்பது வேறொன்று என்றால் அது ஏமாற்று வேலை ஆகாதா? யாரும் வழக்குத் தொடர்ந்ததில்லையா?

பதில்: தொடர்ந்திருக்கிறார்கள், அதுவும் மேலே பேசிய இதே கேமுக்காக. வெளியீட்டுக்கு முந்தைய கண்காட்சிகளில் ‘கலோனியல் மரீன்ஸ்’ விளையாட்டின் செயல்விளக்கம் ஒன்று காட்டப்பட்டது. அதில் ஒளியும் நிழலும் மிகச் செறிவாக இருந்தன. உயிரினங்களின் தாக்குதல் அச்சமூட்டியது. வெளிவந்த கேமில் இடம்பெறாத கட்டங்களும் அதில் இருந்தன. வாங்கியவர்கள் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது எழுந்த கோபம் மிகப் பெரியது. 2013 ஏப்ரலில் அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. 2014இல் சேகா 12.5 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொள்ள முன்வந்தது. பிரிட்டனில் விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு ஆணையத்திடம் சென்ற புகாரின்போது, முன்னோட்டங்கள் இறுதி வடிவத்தைத் துல்லியமாகக் காட்டவில்லை என்பதைச் சேகா ஒப்புக்கொண்டு, அதைத் தெரிவிக்கும் குறிப்பைச் சேர்ப்பதாகச் சொன்னது.

வெளியீட்டுக்கு முந்தைய செயல்விளக்கம் எல்லாமே பொய் என்று சொல்லிவிட முடியாது. உருவாக்கத்தின் நடுவே ஒரு சிறு பகுதியை மட்டும் மெருகேற்றிக் காட்டுவது இந்தத் தொழிலில் நெடுநாள் வழக்கம். அந்த மெருகை முழு விளையாட்டுக்கும் கொண்டுசெல்வோம் என்று உண்மையாகவே நம்பி வேலை செய்பவர்கள் உண்டு. நம்பிக்கை நிறைவேறாது என்று தெரிந்த பிறகும் பழைய காணொளியைக் காட்டிக்கொண்டே முன்பதிவை வாங்குவதுதான் தவறு. திரைப்படக் கேம்களில் இந்தத் தவறு கூடுதலாகப் பலிக்கிறது. ஏனெனில் படத்தின் மேல் நமக்கிருக்கும் அன்பு, காணொளியில் விடுபட்டதை எல்லாம் நாமே இட்டு நிரப்பிக்கொள்ளும்படி செய்துவிடுகிறது. காணொளியில் திரையின் ஓரத்தில் உயிர் அளவும் குண்டுகளின் எண்ணிக்கையும் தெரிகின்றனவா, ஒரே காட்சி வெட்டாமல் சில நிமிடங்கள் தொடர்கிறதா என்று பாருங்கள். வெளியீட்டு நாள் வரை விமர்சனங்களைத் தடுத்து வைத்திருந்தால், அந்த நாள் கடந்த பிறகு முடிவெடுங்கள்.

கேள்வி: உலகிலேயே மோசமான கேம் ‘ஈ.டி.’ என்றும், விற்காத பிரதிகளைப் பாலைவனத்தில் புதைத்தார்கள் என்றும் படித்தேன். இது உண்மையா, கட்டுக்கதையா?

பதில்: புதைத்தது உண்மை. ஆனால் மோசமானது என்ற பட்டத்தை அதற்குச் சூட்டுவதற்கு முன், அது உருவான விதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

பூமியில் தனித்து விடப்பட்ட வேற்றுக்கிரக உயிர் ஒன்று வீடு திரும்பத் தவிக்கும் கதையான, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ படம் 1982 ஜூனில் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. அட்டாரி என்னும் வீடியோ கேம் நிறுவனம் பெருந்தொகை கொடுத்து உரிமத்தை வாங்கியது. பேச்சுவார்த்தை முடியும்போது ஜூலையும் முடியும் நிலையில் இருந்தது; கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கடைகளில் இருக்க வேண்டுமானால் செப்டம்பர் தொடக்கத்தில் கேம் முடிந்தாக வேண்டும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற நிரலாளருக்குக் கிடைத்தது சுமார் 5 வாரம். அந்தக் காலத்தில் இத்தகைய கேம் ஒன்றுக்குப் பல மாதங்கள் ஆகும். அவருடைய முந்தைய படைப்பான ‘யார்ஸ் ரிவெஞ்ச்’ அப்படிப் பொறுமையாக உருவாகி, இன்றும் பாராட்டப்படுவது. ஆகவே திறமை இல்லாதவரிடம் வேலை போய்ச் சேர்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கேம் ஓட வேண்டிய அட்டாரி 2600 கருவியின் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். கேம் முழுவதும் 8 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். அந்த எல்லைக்குள், எதிரியைச் சுடும் வழக்கமான விளையாட்டாகச் செய்யாமல், தொலைபேசியின் துண்டுகளைத் தேடிச் சேர்த்து வீட்டுக்குத் தகவல் அனுப்பும் விளையாட்டாக அவர் அமைத்தார். படத்தின் இதயத்தை அவர் சரியாகவே பிடித்திருந்தார் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

தோற்றது எங்கே என்றால், குழிகளில். ஈ.டி.யின் உருவத்தில் எந்தப் புள்ளி குழியின் விளிம்பைத் தொட்டாலும் உள்ளே விழுந்துவிடும். கழுத்தை நீட்டி மெல்ல மேலே வந்தால், வெளியே வந்த கணமே மீண்டும் விழும். என்ன நடக்கிறதென்று புரியாத குழந்தைகள் சோர்ந்துபோனார்கள். இன்னும் சில வாரங்கள் கிடைத்திருந்து, சில பிள்ளைகளை விளையாட வைத்துப் பார்த்திருந்தால் இது உடனே தெரிந்திருக்கும். பிற்காலத்தில் ஒரு ரசிகர் நிரலைத் திருத்தி இந்தக் குறையைச் சரிசெய்தும் காட்டியிருக்கிறார்.

அட்டாரி சுமார் 40 லட்சம் பிரதிகள் தயாரித்ததாகவும், அவற்றில் பாதிக்கும் மேல் விற்காமல் தங்கியதாகவும் சொல்லப்படுகிறது. 1983இல் நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரக் குப்பைக் கிடங்கில் அட்டாரியின் சரக்குகள் புதைக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் அந்த இடத்தைத் தோண்டினார்கள். எடுக்கப்பட்ட ஏறத்தாழ 1,300 பிரதிகளில் ‘ஈ.டி.’ ஒரு பகுதிதான். நன்றாக விற்ற வேறு பல விளையாட்டுகளும் அதே குழியில் கிடந்தன. 1983இல் அட்டாரி 53 கோடி டாலருக்கு மேல் இழந்ததற்கும், அமெரிக்க வீடியோ கேம் சந்தையே சரிந்ததற்கும் இந்த ஒரு கேமைக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. தரக் கட்டுப்பாடு எதுவுமின்றி எண்ணற்ற நிறுவனங்கள் கேம்களைக் கொட்டிக் குவித்தன. வீட்டுக் கணினிகளின் விலை வேகமாக இறங்கியது. கடைக்காரர்கள் தேங்கிய சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். ‘ஈ.டி.’ அந்தச் சரிவின் அடையாளமாகிப்போனது.

கேள்வி: அப்படியானால் திரைப்படத்தை வைத்து நல்ல கேம் செய்யவே முடியாதா? படம் வெளிவரும் நாளில் கேமும் வர வேண்டும் என்ற அவசரம்தான் எல்லாவற்றுக்கும் காரணமா?

பதில்: அவசரம் பெரிய காரணம், முழுக் காரணம் இல்லை. ‘கோல்டன்ஐ’ என்னும் ஜேம்ஸ் பாண்ட் படம் வெளிவந்தது 1995இல். ரேர் நிறுவனம் நின்டெண்டோ 64 கருவிக்காகச் செய்த ‘கோல்டன்ஐ 007’ வந்தது 1997 ஆகஸ்டில். கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு தாமதம். படத்தின் விளம்பரச் சூடு தணிந்த பிறகு வந்தும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றது. தொடக்கத்தில், தண்டவாளத்தில் செல்வதுபோல் தானாக நகரும் விளையாட்டாகத் திட்டமிடப்பட்ட அது, கிடைத்த அவகாசத்தில் வளர்ந்து, சுதந்திரமாகச் சுற்றித் திரியும் உளவாளியின் அனுபவமாக மாறியது. நான்கு பேர் ஒரே திரையில் மோதிக்கொள்ளும் பகுதி கடைசிக் கட்டத்தில்தான் சேர்க்கப்பட்டது. அந்த இரண்டு ஆண்டு இல்லாவிட்டால் இவை எதுவும் நடந்திருக்காது.

ஆனால் 2004இல் வெளிவந்த ‘ஸ்பைடர்மேன் 2’ இந்த வாதத்துக்கு ஒரு விதிவிலக்கு. படம் வந்த அதே வாரத்தில்தான் ட்ரெயார்க் நிறுவனத்தின் கேமும் கடைக்கு வந்தது. ஆயினும் இன்றுவரை அதைப் பற்றிப் பேசுகிறார்கள். 2002இல் வந்த முந்தைய கேமில் நாயகன் எறியும் வலை வானத்தில் எங்கோ ஒட்டிக்கொள்ளும். இரண்டாவதில், வலை உண்மையான கட்டடங்களில் ஒட்டும். ஊசலாட்டத்தின் வேகமும் உயரமும் அதைப் பொறுத்தே அமையும். கட்டடமே இல்லாத இடத்தில் தொங்க முடியாது. தெருவில் எதற்காகப் போகிறோம் என்பதையே மறந்துவிட்டு, நகரத்தின் மேல் ஊசலாடிக்கொண்டே இருந்தவர்கள் ஏராளம். மற்ற பகுதிகள் சாதாரணமானவை. திரும்பத் திரும்ப வரும் சில்லறைப் பணிகள் அலுக்கும். ஆனால் அந்த நாயகனாக இருப்பதென்றால் உடம்புக்கு எப்படி இருக்கும் என்ற ஒரே கேள்விக்கு அவர்கள் நேர்மையாக விடை தேடினார்கள், அதனாலேயே மற்ற குறைகள் மன்னிக்கப்பட்டன.

மற்றொரு உதாரணத்தை நான் அண்மையில் மிகுந்த நம்பிக்கையோடு கவனித்தேன். டெயோன் என்ற போலந்து ஸ்டூடியோ 2014இல் செய்த ராம்போ கேம் கடுமையாகத் தாக்கப்பட்டது. சுடுவதைத் தவிர அதிகம் எதுவும் செய்ய விடாமல், தானாக நகரும் காட்சிகளின் தொகுப்பாக அது இருந்தது. அதே ஸ்டூடியோ 2019இல் டெர்மினேட்டர் படவரிசையை வைத்து ஓரளவு நல்ல கேம் செய்தது. 2023இல் ‘ரோபோகாப்: ரோக் சிட்டி’ மூலம் பரவலான பாராட்டைப் பெற்றது. இந்தக் கேமில், பாதி எந்திரமாக மாற்றப்பட்ட காவலனாகிய நாயகன் தாவுவதில்லை, பாய்ந்து ஒளிவதில்லை. இரும்பின் கனத்தோடு மெதுவாக நடந்து, குண்டுகளை ஏற்றுக்கொண்டே முன்னேறுகிறான். மற்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் இது குறையாகத் தோன்றும். இங்கே 1987ஆம் ஆண்டுப் படத்தின் நாயகன் எப்படி நடந்தானோ அப்படியே நம் விரல்களுக்கும் தெரிகிறது. சண்டைக்கு நடுவே தெருவில் சிறு குற்றங்களுக்கு அபராதச் சீட்டு எழுதும் பணியும் உண்டு. அவன் காவலன் என்பதை மறக்காமல் வைத்திருக்கும் அந்தச் சிறு வேலைகளை நான் பெரிதும் விரும்பினேன்.

கேள்வி: படத்தில் நடித்த நட்சத்திரங்களே கேமுக்கும் குரல் கொடுத்தால் தரம் உயருமா?

பதில்: அதனால் மட்டும் உயராது. 2020இல் வெளிவந்த ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் கிராஸ்ரோட்ஸ்’ கேமுக்கு வின் டீசலும் மிஷெல் ரோட்ரிகஸும் குரல் கொடுத்தார்கள். கார் பந்தய விளையாட்டுகளில் தேர்ந்த ஸ்லைட்லி மேட் ஸ்டூடியோஸ் அதை உருவாக்கியது. எனினும் வண்டியோட்டும் அனுபவமே உயிரற்று இருந்ததென்று விமர்சகர்கள் பலர் குறை கூறினார்கள். மாறாக, 2009இல் வந்த ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ கேமில், மூலப் படத்தின் நடிகர்களான டேன் அய்க்ராய்டும் ஹெரால்ட் ராமிஸும் குரலோடு நிற்காமல் கதை வசனத்திலும் பங்கெடுத்தார்கள்; பேயைக் கதிரால் பிடித்து இழுத்துப் பொறியில் அடைக்கும் செயலும் கைக்கு நன்றாக இருந்தது. இரண்டும் சேர்ந்ததால் அது வென்றது.

கேள்வி: தோற்றுப்போனாலும் தாங்கள் மதிக்கும் திரைப்படக் கேம் ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. 1998இல் வெளிவந்த ‘ஜுராசிக் பார்க்: டிரெஸ்பாசர்’. முந்தைய ஆண்டு வந்த இரண்டாம் படத்துக்குப் பிறகு, டைனோசர்கள் உலவும் தீவில் தனியாக அகப்பட்டுக்கொண்ட ஒரு பெண்ணின் கதை. திரையில் எண்களோ அளவுகோல்களோ கிடையாது; நாயகி குனிந்து தன் மார்பில் பச்சை குத்தியிருக்கும் இதயத்தைப் பார்த்தால்தான் எவ்வளவு உயிர் மிச்சம் என்று தெரியும். எத்தனை குண்டுகள் உள்ளன என்பதை அவளே வாய்விட்டுச் சொல்வாள். பெட்டிகளும் பலகைகளும் எடைக்கு ஏற்ப உருண்டு விழும். டைனோசர்களின் நடையைக்கூட முன்பே வரைந்து வைக்காமல், அந்தந்தக் கணத்தில் கணக்கிட்டு உருவாக்க முயன்றார்கள்.

அன்றைய கணினிகள் அந்தச் சுமையைத் தாங்கவில்லை. கேம் திணறியது, டைனோசர்கள் கால் தடுமாறின, நாயகியின் கையைத் தனியாக இயக்கும் முறை பெரும் தலைவலியாக இருந்தது. பத்திரிகைகள் அதைக் கடுமையாக விமர்சித்தன, அந்த விமர்சனம் அன்றைய வாசகருக்குத் தேவையானதும்கூட. இருந்தாலும் இது ‘கலோனியல் மரீன்ஸ்’ தோற்ற விதத்திலிருந்து முற்றிலும் வேறானது. அந்தத் தீவில் நிற்பது எப்படி இருக்கும் என்ற கேள்வியை அவர்கள் கேட்டார்கள். விடையை எட்டும் வசதி அப்போது இல்லை. அந்தக் குழுவை வழிநடத்திய சீமஸ் பிளாக்லி பின்னர் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கேம் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவரானார்.

கேள்வி: நான் எப்போதும் விலை குறைந்த பிறகே வாங்குவேன். ஆனால் திரைப்படக் கேம்கள் திடீரென்று இணையக் கடைகளிலிருந்து நீக்கப்படுகின்றன என்கிறார்கள். காத்திருப்பது சரியா?

பதில்: காத்திருப்பதே பெரும்பாலும் சரி. முதல் சில மாதங்களில் திருத்தங்கள் வரும், விலையும் இறங்கும். தாங்கள் கேள்விப்பட்டதும் உண்மைதான். படத்தின் பெயர், நடிகர்களின் முகம், பாடல்கள், கார்களின் உருவம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமம் உண்டு. அவை குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். காலம் முடிந்து புதுப்பிக்கப்படாவிட்டால் விற்பனையை நிறுத்தியாக வேண்டும். மேலே சொன்ன ‘கிராஸ்ரோட்ஸ்’ 2020 ஆகஸ்டில் வந்து, 2022 ஏப்ரல் இறுதியில் இணையக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து விளையாடலாம். புதிதாக வாங்க முடியாது.

எனவே நல்ல கேம் என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால், விலை முதல் முறை கணிசமாக இறங்கும்போதே வாங்கிவிடுங்கள். இரண்டாம், மூன்றாம் தள்ளுபடிக்காக ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். வட்டு வடிவில் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள், உரிமம் முடிந்தாலும் பழைய வட்டுகள் கைமாறிக்கொண்டிருக்கும். உரிமம் பலரிடம் சிதறிக் கிடக்கும்போது, மக்கள் எவ்வளவு விரும்பிய கேமாக இருந்தாலும் மறுவெளியீடு எளிதில் நடப்பதில்லை: அத்தனை வெற்றி பெற்ற ‘கோல்டன்ஐ 007’ புதிய கருவிகளில் அதிகாரப்பூர்வமாகக் கிடைத்தது 2023 ஜனவரியில்தான்.